தும்பிக்கை வழியாக ஏறியவர்

மதுரை ஜில்லாவிலேயே மாடிப்படியை மதிக்காத ஒரே மனிதர் எங்கள் உடும்பண்ணன்தான். யுத்தத்துக்கு முன்னால் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த அறை அவருக்கு. மழைக்குழாயைப் பற்றி ஏறி ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருவார். ஒருநாள் வார்டன் அந்த ஜன்னலிலேயே காத்திருந்தார்.

"ஏம்ப்பா, வாசல் எதுக்கு இருக்கு?"

"நீங்க வர்றதுக்கு சார்."

திருப்பரங்குன்றத்துப் பாறை அவர் சட்டைகளைத் தின்றது. நாகமலை முழங்கால்களைத் தின்றது. ஆனால் மனசெல்லாம், படுத்த ஆனை போலக் கிடக்கும் ஆனைமலையில். ஊரார் வால் பக்கச் சரிவில் ஏறுவார்கள். அண்ணன் ஒப்பவில்லை.

"ஆனை மேல ஏறுறவன் எவன்டா வாலைப் புடிச்சு ஏறுவான்? தும்பிக்கை வழியா ஏறணும்டா!"

தும்பிக்கைப் பக்கமோ செங்குத்து. அந்த அடிவாரத்தில் அவர் விழாத முள்புதர் கிடையாது.

அதில் ஏறி முடிக்காமல் தாலி கட்டுவதில்லை என்று சபதம் வேறு. காத்திருந்தவள் மாமன் மகள். மலையடிவாரத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரியான மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, வார ஞாயித்துக்கெழம ஏறிப்புடு. இல்லேன்னா உசிலம்பட்டியில பொண்ணு கேக்குறாக, குடுத்துருவேன்."

ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் வால் வழியாகப் போய், உச்சியில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே பாறையோடு பாறையாக அண்ணன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

மாமா தோளில் கொண்டுவந்த கமலைக் கயிற்றை இறக்கினார். "புடிய்யா! கெணத்துத் தண்ணிய இழுக்குற கயிறு, ஒன்னைய இழுக்காதா?"

"எடுங்க மாமா! ஆனை சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகுது. எம்மக அழுவாளே!"

அண்ணன் தலை நிமிர்ந்தது.

"நெசமாவா?"

"காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கலய்யா!"

அண்ணன் பல்லைக் கடித்தார். கை மெல்ல நகர்ந்து ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தது. பிறகு கால். பிறகு இன்னொரு கை. கயிற்றைத் தொடாமலே மேலே வந்து விழுந்தார். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு மகளிடம் சொல்ல முன்னால் ஓடினார்.

"இறங்குவோம்ணே" என்றேன். அண்ணன் வால் பக்கச் சரிவைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: எந்த மலையிலும் இந்த மனிதர் விழுந்திருக்கிறாரே தவிர, இறங்கியதில்லை!

"தம்பி, மாமா தூரமாப் போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆடுகள் துள்ளி இறங்கும் சரிவுதான் அது. கீழே வீடுகள் தெரிந்த பிறகும் அவர் கையை விடவில்லை. நானும் விடவில்லை.