மனைச்சாமி வீட்டு விளக்கு

"அந்த ஒயர ஏங்க பிடுங்கினீங்க?"

குளியலறை வாசலில் வழுக்கி விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டாள் ரச்சனி. தூக்கிவிட வந்த கணவர் விச்சியனுக்கு, எந்த ஒயர் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்ற துண்டுச்சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்து மனிதர் ஓரிடத்தில் நிற்கவில்லை. சோறு வெந்ததும் குக்கர் பிளக்கைப் பிடுங்கினார். ஃபிரிட்ஜை நாலு தடவைக்கு மேல் திறந்தால் முறைத்தார். வாரத்துக்கு ஒருநாள்தான் இஸ்திரி என்றார். ரச்சனி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். நேற்று சாயங்காலம், முற்றத்துத் தூண்மேல் இருக்கும் மனைச்சாமியின் குட்டி வீட்டில் இரவெல்லாம் எரியும் இரண்டு சிவப்பு பல்புகளையும் ஒயரைப் பிடுங்கி அணைத்துவிட்டார்.

"காவல் காக்குற சாமிய இருட்டுல உக்கார வச்சா சும்மா விடுமா? இன்னும் ஏதாச்சும் நடந்துச்சு, நான் உதோன்ல இருக்குற எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நீங்களும் உங்க சீட்டும் குடித்தனம் பண்ணுங்க!"

சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டை விச்சியனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அன்றே ஒயரை மாட்டினார், கூட இரண்டு பல்பு சேர்த்து.

மறுநாள் அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேன் கிளம்ப மறுத்தது.

"பாத்தீங்களா? கோவம் தணியல."

குட்டி வீட்டைச் சுற்றி மினுக்கும் சீரியல் லைட் ஏறியது. உறிஞ்சு குழலோடு இரண்டு பாட்டில் சிவப்பு சோடா படைத்தார். அதற்கு மறுநாள் தண்ணீர் மோட்டார் புகைந்தது.

"லைட் பத்தல போலிருக்கு" என்று அவரே முடிவுகட்டி, கோயில் திருவிழாவில் கட்டுகிற பெரிய விளக்கை வாடகைக்கு எடுத்துவந்து, சாமியின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். பக்கத்து வீட்டுச் சேவல் விடிந்துவிட்டதாக நினைத்து இரவு முழுக்கக் கூவியது. மீட்டர் ஓடிய வேகத்தைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மூன்றாம் நாள் மாமரக்கிளை ஒன்று சமையலறைக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. ரச்சனி பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள்.

"கொஞ்சம் பொறும்மா! சாமிகிட்டயே கேட்டுருவோம்!"

விச்சியன் சந்தைக்கு ஓடினார். அங்கே கணவாய் மீன் சுட்டு விற்கும் தோங்பாய் அக்காவின் மேல் சாமி இறங்கும். அடுப்பை அணைக்கக்கூட விடாமல் அவளை இழுத்துவந்தார்.

தோங்பாய் ஊதுபத்தி கொளுத்தினாள். படையல் சோடாவை ஒரே மடக்கில் குடித்து, ஏப்பம் விட்டு, உடம்பை முறுக்கினாள். குரல் கிழவர் குரலாக மாறியது. ரச்சனி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

விச்சியன் தரையில் விழுந்தார். "சாமி, என்ன குறை வச்சோம்? இன்னும் எத்தன லைட்டு போடணும், சொல்லுங்க! இவ மட்டும் வீட்ட விட்டுப் போகக்கூடாது!"

தோங்பாய் பெரிய விளக்கின் பக்கம் திரும்பி, கண் கூசிக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான்டா இருட்டாச்சு, நிம்மதியா கண்ணசந்துட்டேன், அவ வழுக்கி விழுந்தத பாக்கல, மன்னிச்சுக்கோ, ஆனா அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நான் பண்ணுனதுதான்!"