பெரியகையாரின் ஒரு பிடி

தாமிரபரணியின் இரு கரையிலும் பெரியகையாரைப் போல அரிசிக்கு ஒரு எதிரி பிறந்ததில்லை. கண்ணில் பட்ட அரிசி அன்றைக்கே யார் வயிற்றுக்காவது போய்ச் சேராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் எங்கள் சபைக் கோயிலில் மணியடித்தவர் அவர். நான் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய சங்கதி.

எங்கள் வீடுகளில் உலை வைக்குமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்து வைப்பார்கள். பெரியகையாரின் ஒரு பிடி கால்படி, அளந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவர் மனைவி மூச்சிரைக்க வந்தாள்.

“வாத்தியாரய்யா, நீங்களாவது கேக்கப்படாதா? வீட்டுக்கு ஒரு பிடிய வச்சிட்டு மிச்சத்தக் கோயிலுக்குக் கொண்டு போறாரு!”

கேட்டேன். “ஒரு பிடிதானவே கணக்கு? எந்தப் பக்கம் வச்சா என்ன?” என்றார்.

மருமகனுக்கென்று வாங்கிய பத்தமடைப் பாயை, வழியில் வெறுந்தரையில் படுத்திருந்த வண்டிக்காரனுக்கு விரித்துவிட்டு வந்தவர் அவர். மருமகன் மூன்று மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் படுக்கப் பாய் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சபையார் எல்லாரும் பந்தியில் அமர்ந்து உண்ணும் அசனப் பண்டிகை நெருங்கியது. பிடியரிசிப் பெட்டியின் சாவி என்னிடம். நானூற்றுப் பன்னிரண்டு தலை, மூன்று மூட்டை அரிசி. இரண்டு போதும் என்று கணக்குப் போட்டேன். நாளைக்குப் பஞ்சம் வந்தால்? மூன்றாவது மூட்டையை மணிக்கூண்டு மூலையில் ஒளித்து, மேலே பழைய பாட்டுப் புஸ்தகங்களை அடுக்கினேன்.

அசனத்தன்று பெரியகையார் மணியடித்த கையோடு நாங்குநேரிச் சாலைக்குப் போய், வந்த வண்டிகளை எல்லாம் மறித்தார். “ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கவே!” வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். எண்ணினேன்.

கடைசிப் பந்தியில் இலை போட்டாயிற்று, பானையில் சோறில்லை. அதில் உட்கார்ந்திருந்தவர்கள், அந்த வறட்சியிலும் ஒருநாள் தவறாமல் பிடியரிசி போட்ட விதவைகள்.

பெரியகையார் பைய வந்து காதோரம் குனிந்தார். “வாத்தியாரே, நீரு எண்ணுனது சரியாத்தான் இருக்கும். எண்ணாம வச்சது எங்கனயாவது கெடக்கா?”

“என்ன சொல்லுதீரு?”

“பத்து நாளா புஸ்தகத்தை எறக்கி வச்சிட்டு, அந்த மூட்டை மேல ஏறி நின்னுதான் மணி அடிக்கேன். கயிறு நல்லா எட்டுதுவே.”

மூட்டை வந்தது. அடுப்பு மறுபடி எரிந்தது. ஏது இந்த அரிசி என்று சபைப் பாதிரி ஐயர் கேட்டார். நான் தலை குனிந்தேன். பெரியகையார் முந்திக்கொண்டார்.

“நம்ம வாத்தியாரு முன்யோசனையா எடுத்து வச்சிருந்தாரு அய்யா. இல்லன்னா இன்னைக்கு சபை மானம் போயிருக்கும்.”

ஊரே என்னை மெச்சியது. அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

இப்போதும் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். பானையில் அரிசி இறங்கினால் இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் கோயில் கலயத்துக்கு நானேதான் அரிசி எடுத்து வைக்கிறேன். என் கை சிறியது. அவருடைய ஒரு பிடிக்கு எனக்கு மூன்று பிடி ஆகிறது.