ஒரு வரிகூட எழுதாத மென்பொருள்

"அரை நாள் லீவு கேட்டா முழு நாளையும் கழிக்குதே!" என்றார் மேனேஜர்.

புரோகிராமர் திரையை உற்றுப் பார்த்தார். முதலாளியின் மருமகன் ஏதோ கண்காட்சியில் பார்த்து மயங்கி வாங்கி வந்த லோ-கோடு தளம் அது. பெட்டிகளை மவுஸால் இழுத்துப் போட்டால் மென்பொருள் தயார், புரோகிராம் கோடு எழுத ஆளே வேண்டாம் என்று சத்தியம் செய்கிற சாமான். ஆபீஸ் லீவுக் கணக்கை அதில் செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் பழையபடி ஃபிரேம்வொர்க்கில் கோடு எழுதுவது என்று ஏற்பாடு. மருமகன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஃபிரேம்வொர்க்குன்னா இந்நேரம் முடிச்சிருப்பேன் சார்."

"இதுல முடியாதுன்னா, முடியாதுன்னு சொல்லிடுங்களேன்" என்றார் மேனேஜர்.

நக்கலைப் பார்! முடியாது என்றால், 'வயசாயிடுச்சு, புதுசு எதுவும் மண்டையில ஏறல' என்று சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

"முடியும் சார்!"

பெட்டிகளுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் கோடு எழுதிச் செருகினார். அரை நாள் சரியானது. மேனேஜரின் முகம் தொங்கிப்போனது.

மறுநாளே மேனேஜரிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது. "நைட் ஷிஃப்ட்காரர் லீவு போட்டா எந்தத் தேதியில கழிக்கும்?"

அதற்கும் செருகினார். அரை நாள் மறுபடி பல்லிளித்தது. அதற்கு மேலும் செருகினார்.

"லீவு குடுக்க வேண்டியவரே லீவுல இருந்தா? அவருக்கு மேல இருக்கறவரும் லீவுன்னா?"

"அந்த ஆள் எனக்குன்னே ரூம் போட்டு யோசிக்கிறான்!" என்று வீட்டில் குமுறினார்.

"பேசாம முடியாதுன்னு சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"சொன்னா நாளையிலேர்ந்து வீட்லதான் இருப்பேன், பரவாயில்லையா?"

கடைசியில் திரையில் நாலு அழகான பெட்டிகள். பின்னால் கோடு காடாக மண்டிக் கிடந்தது.

முதலாளியே பார்க்க வந்தார். மருமகன் தட்டத் தட்ட எல்லாம் கச்சிதமாக ஓடியது.

"கோடு ஏதாவது எழுதினீங்களா?" என்று புரோகிராமரைக் கேட்டார்.

"ஒரு வரிகூட இல்ல சார்!"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். வயிறு எரியட்டும் என்று புரோகிராமர் மனதாரச் சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் பர்சனல் பிரிவுப் பெண் கூப்பிட்டாள். "கோடு எழுதாமலே எல்லாம் நடக்குதுன்னா புரோகிராமர் எதுக்குன்னு முதலாளி கேட்டுட்டார் சார். இந்த மாசத்தோட உங்களை..."

புரோகிராமர் துள்ளி எழுந்தார். இத்தனை வருஷம் உழைத்த இடம். "எல்லாம் அந்த மேனேஜர் வேலை! முதல் நாள்லேர்ந்தே என்னைத் துரத்தத்தான் குடைச்சல் குடுத்தான்!"

"ஐயோ சார், அந்த லோ-கோடு தோத்தாத்தான் உங்க வேலை நிக்கும்னு, அதால முடியாத கேள்வியாத் தேடித் தேடிக் கொண்டுவந்தவரே அவர்தான்!"