எக்ஸ்டென்ஷனை மாற்றிய அத்தான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, கம்ப்யூட்டர் மூவரும் சௌக்கியம். மூன்றாவது ஆளின் சௌக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். போனிலேயே சொல்லியிருப்பேன், நீ நடுவில் புகுந்து "அது அப்படி இல்ல அத்தான்" என்பாய். கடிதத்தில் நீ வாயைத் திறக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை காலம் வார்டு வார்டாக ஓடிய உன் அக்கா தலைமை நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போடவேண்டும், வயது வரம்பால் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு, கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்பதெல்லாம் உனக்குத் தெரியும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, "போட்டோவை மட்டும் ஏத்திடுங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ட்யூட்டிக்குப் போனாள். ஏற்றினேன். மாட்டேன் என்றது. ஜே.பி.ஜி. என்று முடிகிற படம்தான் வேண்டுமாம். ஸ்டுடியோக்காரர் அனுப்பியதோ ஜே.எஃப்.ஐ.எஃப். என்று முடிகிறதாம். உனக்குப் போன் செய்தால் நீ என்ன சொன்னாய்? "அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போடணும் அத்தான், மாசக் கடைசியில வரேன், அதுவரைக்கும் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க." வெள்ளிக்கிழமை முடியும் காரியத்துக்கு மாதக் கடைசியில் வருகிறாராம் துரை! கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டால், "பெட்டியைக் கொண்டாந்து வெச்சிட்டுப் போங்க சார், ரெண்டு நாள் ஆகும்" என்கிறார். அன்றைக்கே வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. உன் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கால் மணிக்கு ஒரு தரம், "ஏங்க, ஆச்சா?" நானும் "ஆகுது, ஆகுது."

அப்போதுதான் பொறி தட்டியது. முப்பத்தோரு வருடம் பார்சல் ஆபீசில் லேபிள் ஒட்டியவனப்பா நான்! உள்ளே இருப்பது நல்ல சரக்குதான், லேபிளைப் பார்த்துத்தான் திருப்பி அனுப்புகிறார்கள் என்று புரிந்துவிட்டது. படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஜே.பி.ஜி. என்று அடித்தேன். மறுபடியும் மாட்டேன் என்றது. ஏன் தெரியுமா? கம்ப்யூட்டர் பழைய எக்ஸ்டென்ஷனை, அதாவது பெயரின் அந்தக் கடைசி எழுத்துகளை, என் கண்ணில் காட்டாமல் ஒளித்துவைத்துக்கொண்டு, நான் அடித்ததை அதற்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறது, திருட்டுப் பயல்! விடுவேனா? மேலே இருந்த மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து, தப்பாக எதையோ அமுக்கி, படமெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கிப்போய், இன்னொன்றை அமுக்கிப் படமே இல்லாமல் வெறும் பெயர்ப் பட்டியலாகி, கடைசியில் 'எக்ஸ்டென்ஷனைக் காட்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். வந்ததே வெளியே! அழித்தேன், ஜே.பி.ஜி. என்று அடித்தேன். உடனே ஒரு மிரட்டல்: 'மாற்றினால் இந்தக் கோப்பு பயன்படாமல் போகலாம். நிச்சயமாக மாற்றவேண்டுமா?' யாரிடம்? என்னிடமா? 'ஆம்' என்பதை ஓங்கி அமுக்கினேன். நாலு ஐம்பத்திரண்டுக்குப் பச்சை எழுத்தில் வந்தது: 'புகைப்படம் ஏற்கப்பட்டது. விண்ணப்பம் பதிவானது.' வீட்டில் யாருமில்லை. எழுந்து நின்று நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன்.

உன் அக்கா போனிலேயே அழுதுவிட்டாள். "நீங்க இல்லாட்டி என்ன ஆயிருக்கும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டுத் தையல்காரர் காலையிலேயே வந்து, "சார், எங்க பொண்ணு போட்டோவுக்கும் கடைசி எழுத்தை மாத்திக் குடுங்க" என்று நிற்கிறார். ஆகவே இனி நீ எனக்கு யோசனை சொல்லவேண்டாம். உனக்குச் சந்தேகம் வந்தால் தயங்காமல் கேள், கோபித்துக்கொள்ள மாட்டேன். மாதக் கடைசியில் சாப்பிட மட்டும் வந்தால் போதும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு அடக்கம் பெருகட்டும்.

இப்படிக்கு,
சும்மா இருக்காத அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்கா விண்ணப்பத்தை அச்செடுத்துப் பார்த்தாள். பெயர் அவளுடையது, படிப்பு அவளுடையது, அனுபவம் அவளுடையது. போட்டோ என்னுடையது. ஸ்டுடியோக்காரர் அன்றைக்கு என்னையும் ஒரு படம் எடுத்து, இரண்டுக்கும் பெயர் வைக்காமல் வெறும் நம்பரோடு அனுப்பித் தொலைத்திருக்கிறார். நான் கடைசி எழுத்துகளைப் பார்த்த பார்வையில் முகத்தைப் பார்க்க மறந்திருக்கிறேன். நல்ல வேளை, திருத்த மூன்று நாள் அவகாசம் உண்டு. நான் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அவளே உட்கார்ந்து, அவள் படத்தின் எக்ஸ்டென்ஷனை மாற்றி, அவளே ஏற்றினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "பாத்தியா, நான் சொன்ன வழிதானே?" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருவத்திரெண்டு வருஷம் ஓடினது நான். மூஞ்சி மட்டும் உங்களுதா?"