கிரேடு மாஸ்டரின் கேமரா

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் கிரேடு மாஸ்டரிடம் முதல் கிரேடு வாங்கிய பொருளோ மனிதரோ பலகாரமோ கிடையாது. தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் தோலைத் தடவித் தரம் பிரித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் கட்டைவிரல் ஓயவில்லை. இட்லியைத் தடவி, "நாலாவது" என்பார். புதுப் போதகர் கைகொடுத்தால் அந்தக் கையையும் தடவிவிட்டு, "மூணு. பிரசங்கம் கேட்டப்புறம் கம்மியாவும்" என்பார். தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற எனக்கு ஐந்தாவது.

"ரூல்ஸ் ஜாஸ்தி சார் உங்களுக்கு."

விரிஞ்சிபுரத்தில் எங்களுடையது அடுத்தடுத்த வீடு. பின்னால் பாலாறு, அதாவது மணல். அவர் மகள் ஸ்டெல்லா அயர்லாந்தில் நர்ஸ். ஆற்றில் தண்ணீர் ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை என்ற குறையோடு விமானம் ஏறியவள். "தண்ணி வந்தா காட்டறேம்மா" என்று வாக்குக் கொடுத்த மாஸ்டர், மொட்டை மாடியில் இன்டர்நெட் கேமரா ஒன்றை வைத்தார். அது வருஷக்கணக்கில் மணலைப் பார்த்தபடி சொக்கிக் கிடந்தது.

ஒரு மழைக்காலக் காலையில் தண்ணீர் வந்தேவிட்டது. சத்தமே இல்லை. ஆறு தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி கரையோரம் மெல்லப் பளபளத்தது. இரண்டு நாள் இருந்தால் அதிகம்.

மாஸ்டர் கம்ப்யூட்டரில் கேமராவின் வெளி முகவரியைத் தட்டினார். திறக்கவில்லை.

"சார், பேஜாராயிடுச்சு! வாங்க!"

வெளியிலிருந்து வருகிறவரை ரௌட்டர் வாசலிலேயே மறித்துவிடும். இந்தக் கதவு எண்ணில் வந்தால் கேமராவிடம் அனுப்பு என்று அதற்குச் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். ஆனால் கரண்ட் போய் வந்தால் வீட்டுக்குள் கேமராவின் முகவரி மாறிவிடும். விருந்தாளி ஆளில்லாத அறையில் போய் நிற்பார். முகவரியை மாறாதபடி நிலைப்படுத்தினேன். கதவு எண்ணைச் சரிபார்த்தேன். லைனில் கோளாறு இருக்கிறதா என்று அறிய, விதிப்படி டெலிபோனைக் கழற்றி வைத்தேன்.

மாஸ்டர் ரௌட்டரைத் தடவினார். "ஆறாவது கிரேடு சார். கழிசல்." பிறகு மாடிக்கு ஓடிக் கேமராவையும் தடவினார், திட்டினார், லுங்கி முனையால் துடைத்தார். சாயங்காலம்வரை பக்கம் திறக்கவில்லை. ஆறு இளைத்துக்கொண்டே போனது.

தோற்றுப்போய் டெலிபோனை மாட்டினேன். உடனே மணி அடித்தது. ஸ்டெல்லா. ஸ்பீக்கரைப் போட்டேன்.

"இன்னாப்பா, போன எடுக்கவே மாட்ற? காலைலேர்ந்து பாத்துனுதான் இருக்கேன். ஆத்த எங்கப்பா காட்ற, உன் மூக்குதான் தெரியுது!"

சில ரௌட்டர்கள் அப்படித்தான். வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரியைத் தட்டினால் திறக்காது. வெளியில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் நாளெல்லாம் உள்ளேயிருந்தே தட்டியிருக்கிறோம்.

மாஸ்டர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "சரி, நான் குறுக்க வரல. நீ தண்ணியப் பாரு. என்ன கிரேடும்மா?"

"தண்ணி கெடக்குதுப்பா. சட்டையப் போட்டுனு அங்கயே வந்து நில்லு."

இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, இருட்டும்வரை ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மாஸ்டர் காலமாகிப் பல வருஷமாகிறது. பாலாற்றில் தண்ணீர் வந்தால் அந்த முகவரியை இப்போதும் தட்டிப் பார்க்கிறேன். திறப்பதில்லை. மாஸ்டர் இப்போது வெளியில் இருப்பவர், நான்தான் இன்னும் உள்ளே. உள்ளேயிருந்து தட்டினால் திறக்காதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று, அன்றைக்கு மட்டும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு என் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பார்த்தால், ஐந்தாவதுதான் கொடுப்பார்.