ஹெல்மெட் கழற்றாத கூடம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் ஆண்மைக்கு மறுபிறவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "உங்கள் செல்லே உங்கள் பிள்ளை" என்றது பலகை. கூட்டமோ கூட்டம். வந்தவர்கள் மாடியேறிய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தெரிந்தவன் யாராவது பார்த்துத் தொலைத்தால்? ஜி.எஸ்.டி. ரோட்டில் போலீஸ் கெஞ்சினாலும் ஹெல்மெட் போடாத ஆண்கள், இங்கே மின்விசிறிக்குக் கீழே, விண்வெளிக்குக் கிளம்புகிறவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பொழிச்சலூர் சிவகுமாரும் அந்த வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளையில்லை. "விதைப்பையில நரம்பு வீங்கியிருக்கு. சின்ன ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்" என்றார் அரசு மருத்துவமனை டாக்டர். அந்தப் 'பார்க்கலாம்' அவனுக்குப் பிடிக்கவில்லை. இந்த மாடியில் வைத்தியம் பார்த்த ஷ்யாம்சுந்தர் 'கேரண்டி' என்றார். இடுப்பெலும்பில் ஊசியிறக்கி, ஸ்டெம் செல் எடுத்தேன் என்று சொல்லி, வெளியே சொல்ல முடியாத இடத்தில் போட்டார். சிவகுமார் அன்றிலிருந்து நொண்டுகிறான்.

"இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு சிவா. ட்ரீட்மென்ட்டே ஆகலை" என்று மனைவி கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் வேலை. வேண்டுமென்றே தப்பான தகவலைக் கொடுத்து, அது என்ன உளறுகிறது என்று பார்ப்பதற்குச் சம்பளம்.

"இன்னிக்கு ரிசல்ட் பாரு. அப்புறம் பேசு" என்றான். சரி என்று, வீட்டிலிருந்து அவனுடைய விந்து சாம்பிள் டப்பாவை அவளே கைப்பையில் கொண்டுவந்தாள்.

உள்ளே ஷ்யாம்சுந்தர் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பைத் தொட்டுக் கும்பிட்டார். சுவரிலிருந்த டி.வி.யில் ஒரு படையே நீந்தியது. சிவகுமாருக்குக் கண் கலங்கியது.

"போன தடவை எல்லாம் படுத்துக் கிடந்துச்சு. இப்ப பாருங்க சார். மேல ஓரமா ரெண்டு தலையோட ஒருத்தன் சுத்துறான்ல, அவன் ட்வின்ஸுக்கு. வளர்பிறையில அடுத்த ஊசி போட்டுடலாம்."

"சார், அது எங்க வீட்டு வடிகஞ்சி" என்றாள் கோகிலவாணி.

"அப்போ என்னோடது?" என்றான் சிவகுமார்.

"உன்னோடதைக் காலையிலயே கொட்டிட்டேன். வேற டப்பாவுல கஞ்சி ஊத்தினேன்."

ஷ்யாம்சுந்தர் அசரவில்லை. "கஞ்சியிலயும் உயிர்ச்சத்து இருக்கும்மா."

"அப்போ அடுத்த ஊசி யாருக்கு சார், பானைக்கா?"

அவள் கண்ணாடித் துண்டை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். திரையில் நீச்சல் நிற்கவில்லை. கதவை விரியத் திறந்துவிட்டாள். கூடம் முழுக்க டி.வி. தெரிந்தது.

மூலையில் ஒரு கறுப்பு ஹெல்மெட் எழுந்தது. "இன்னாக்கா இது, மேல சுத்திகினு கீறானே ரெண்டு தலைக்காரன், அவன் என்னுது. போன வாரம் எனக்குக் காட்டுனாரே."

"இல்லையே, என்னோடது" என்றது ஒரு சிவப்பு ஹெல்மெட்.

நாலாவது அப்பா எழுந்தபோது ஷ்யாம்சுந்தர் ரிமோட்டைத் தேடினார். ஹெல்மெட்டுகள் கழன்றன. கறுப்புக்குள்ளிருந்து எதிர்வீட்டு சக்திவேல் வெளிப்பட்டான்.

"பல்லு வலின்னியே மச்சான்" என்றான் சிவகுமார்.

"நீ மட்டும்? வண்டியிலேந்து வுழுந்து நொண்டறேன்னு சொல்லிகினு இருந்த."

பின்படி வழியாக நழுவிய ஷ்யாம்சுந்தரை ஸ்வீட் கடை வாசலில் அத்தனை அப்பாக்களும் மறித்துக்கொண்டார்கள். போலீஸ் வரும்வரை விடவில்லை. திங்கட்கிழமை சிவகுமாரும் சக்திவேலும் அரசு மருத்துவமனை வரிசையில் வெறும் தலையோடு நின்றார்கள்.

மாதக்கணக்கில் அத்தனை தலைகளையும் அவ்வளவு பத்திரமாக மூடி வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பதை ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம்.