டேப்லெட் வேண்டாம், சுப்பிரமணி

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனன் சுப்பிரமணிக்கு, உன் அக்காள் புருஷன் திருவேங்கடம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் கண்ணகியும் நலம், தண்ணீர் மோட்டார் மட்டும் நலமில்லை. சிறுசேரியில் நீயும் காயத்ரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேதகிரீஸ்வரர் துணை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அக்காள் எதிரே வந்து நின்றுவிடுகிறாள். மறைமலைநகர்க் கம்பெனியில் பிரஸ் மிஷின் இரைச்சலில் வேலை பார்த்துக் காதுதான் மந்தமே தவிர, எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். இந்த வீட்டில் எனக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது.

அக்காளுக்கு டேப்லெட் வாங்கித் தரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். போன் இருக்கிறது, நம் பெண் ஜோதிலட்சுமி படிக்கும்போது வாங்கிய லேப்டாப் இருக்கிறது, டிவி இருக்கிறது, இருக்கிறதையே ஆள முடியவில்லை. ஜெர்மனியில் வாயும் வயிறுமாக இருக்கும் நம் ஜோதி வாராவாரம் வீடியோவில் வருகிறாள். போனில் அவள் முகம் தீப்பெட்டி அளவு. கண்ணகி அதை மூக்கோடு ஒட்டிப் பார்ப்பதால் ஜோதிக்குத் தெரிவது அம்மாவின் மூக்குத்தி மட்டும். சரி என்று லேப்டாப்பைத் திறந்தால், ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை முதல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த உன் அக்காள், இதற்கு எங்கே வைப்பது என்று தேடி, மேலே நடுவில் இருந்த கேமராதான் நெற்றி என்று முடிவுசெய்து சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பியிருக்கிறாள். "இன்னாப்பா, ஒரே செவப்பா கீது?" என்று ஜோதி பதறினாள். நான் ஈரத்துணியால் நன்றாக அழுத்தித் துடைத்தேன். அன்றைக்குக் கண்ணை மூடிய லேப்டாப் இன்னும் திறக்கவில்லை. பிறகு போனை டிவியோடு சேர்த்தேன், முகம் பெரிதாகத்தான் வந்தது, கூடவே பக்கத்து வீட்டு சம்பூர்ணமும் வந்து உட்கார்ந்து, "இன்னாம்மா இப்டி எளச்சிட்ட, அங்க சோறு போடறாங்களா இல்லியா?" என்று ஆரம்பிக்க, ஜோதி போனை வைத்துவிட்டாள்.

மறுபடி போன்தான். நேற்று ஜோதி, "எதுவுமே வாய்க்குப் புடிக்கலம்மா, பயமா கீது" என்கிறாள். இவள் அந்தத் தீப்பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டுகிறாள். நான் எடுத்துச் சொன்னால், "நீ பாதிய முழுங்கிட்டு சொல்ற" என்கிறாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன், சுப்பிரமணி. ஆனால் இதற்கு டேப்லெட் என்ன செய்யும், நீயே சொல். ஆகவே வாங்காதே.

பிள்ளைகளுக்கு என் ஆசி. காயத்ரி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டதை அவள் காதில் பக்குவமாகப் போட்டுவை.

இப்படிக்கு,
திருவேங்கடம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில், கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் மாடி வீட்டு ரமேஷ் தன் டேப்லெட்டோடு இறங்கி வந்தான். அதை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து ஜோதியைக் கூப்பிட்டோம். முகம் வந்தது, சத்தம் வரவில்லை. எதை அமுக்குவது என்று நானும் ரமேஷும் தடவிக்கொண்டிருந்தபோது, கண்ணகி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டாள். "கொயந்த ஒதைக்குதாம்யா! நீ இன்னாத்த நோண்டிகினு கீற?"

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. நாளைக்கே வாங்கு. சந்தனக் கிண்ணத்தை நான் ஒளித்து வைத்துவிட்டேன்.